கொக்கிப் புழுவும் கணிப்பொறியும்

1915ஆம் ஆண்டில் அமெரிக்க ராக்பெல்லர் அறநிலையம் அனுப்பிய ஆராய்ச்சிக் குழு ஒன்று மலாயாவில் வந்திறங்கியது. அதன் தலைவர் சாமுவேல் டார்லிங். பனாமாக் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில் அங்கே நோயாராய்ச்சி செய்து பெயர் பெற்ற மருத்துவர் அவர். பார்பர், ஹேக்கர் என்னும் இருவர் அவருடன் பணியாற்றினர். தோட்டத் தொழிலாளரின் வயிற்றில் குடிகொண்டிருந்த கொக்கிப் புழுக்களை எண்ணுவதே அவர்கள் மேற்கொண்ட வேலை. எண்ணுவது என்றால் உண்மையாகவே எண்ணுவதுதான். நோயாளிக்குப் பேதி மருந்து கொடுத்து, மலத்தை நீரில் அலசி வடிகட்டி, வெளிப்பட்ட புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணி, எந்த மருந்து எத்தனை புழுக்களை வெளியேற்றிற்று என்று கணக்கெழுதி வைத்தார்கள். மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகிய மூவிடங்களிலும் 1917 வரை இப்பணி நடந்தது. அறிக்கை 1920இல் நூலாக வெளிவந்தது.

அந்தக் கணக்கேட்டின் எண்களுக்குப் பின்னால், கப்பலேறி வந்து ரப்பர்க் காடுகளில் வெறுங்காலோடு நடந்த தமிழர்களும் நின்றார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

டார்லிங் வந்துபோய் நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அம்மைக்குத் தடுப்பூசி உண்டு. இளம்பிள்ளை வாதத்திற்கும் தொண்டை அடைப்பானுக்கும் உண்டு. கொக்கிப் புழுவுக்கு மட்டுமன்று, மனிதனின் வயிற்றிலும் இரத்தத்திலும் வாழும் எந்தப் புழுவுக்கும் மருந்தகத்தில் வாங்கத்தக்க ஒரு தடுப்பூசி இன்றுவரை இல்லை. இப்பொழுது கணிப்பொறியின் துணையால் அத்தகைய ஊசியை வரைந்தெடுத்துவிடலாம் என்று விஞ்ஞான ஏடுகளில் பேசப்படுகிறது. அந்தப் பேச்சில் எவ்வளவு நெல், எவ்வளவு பதர் என்று அறிய வேண்டுமாயின், வந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நலம்.

புழுவின் வழி

1838இல் இத்தாலி நாட்டின் மிலான் நகரில், இறந்துபோன ஒரு பெண்ணின் குடலைச் சோதித்த ஆஞ்செலோ துபினி என்னும் மருத்துவர் இப்புழுவை முதன்முதலாகக் கண்டார். அவர் அதைப்பற்றி எழுதியது 1843இல். எனினும் இது பெருந்தீங்கு என்று ஐரோப்பா உணர்ந்தது, ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கொட்டார்டு சுரங்கப் பாதை அமைத்தபோதுதான். 1872 முதல் 1882 வரை நடந்த அவ்வேலையில், சுரங்கத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் உழைத்தவர்கள் கூட்டங்கூட்டமாக வெளிறிப்போய்ச் சுருண்டு விழுந்தார்கள். அவர்களது குடலில் இப்புழு மிகுந்திருந்ததை இத்தாலிய அறிஞர்கள் கண்டு கூறினர்.

அது உடலினுள் எப்படிப் புகுகிறது என்பது நெடுநாள் மறைபொருளாகவே இருந்தது. உணவோடும் நீரோடும் வருகிறது என்றே எண்ணினர். 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், புழுக்குஞ்சுகள் நிறைந்த நீர்த்துளியைத் தற்செயலாகத் தம் கைமேல் சிந்திக்கொண்டார். சிந்திய இடம் சிவந்து அரித்தது. பின்னர் தம் மலத்தைச் சோதித்தபோது அதில் கொக்கிப் புழுவின் முட்டைகள் இருந்தன! தோலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கு ஏறி, தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலை அடையும் அந்த நெடும்பயணம் இவ்வாறு வெளிப்பட்டது. 1902இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்பார் அமெரிக்காவில் இதன் மற்றோர் இனத்தைக் கண்டு ‘அமெரிக்கக் கொலையாளி’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார். செய்தித்தாள்களோ ‘சோம்பல் கிருமி’ என்று எழுதி நகைத்தன.

இந்த ‘சோம்பல்’ என்ற சொல்லை ஆசிரியர்களாகிய நாம் சற்று நின்று நோக்க வேண்டும். நெக்காட்டர் என்னும் அந்த இனத்துப் புழு ஒன்று நாளொன்றுக்குக் குடிப்பது ஏறத்தாழ 0.03 மில்லி லிட்டர் இரத்தமே. ஒரு துளியினும் குறைவுதான். ஆனால் நூறு புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லி லிட்டர், திங்களொன்றுக்கு 90 மில்லி லிட்டர்! துபினி கண்ட இனமோ இதைப்போல் ஐந்து மடங்கு குடிப்பது. அரைவயிற்றுக் கஞ்சியில் வளரும் ஒரு பிள்ளை இந்த வரியைப் பல்லாண்டு செலுத்திக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருந்தால், அது தூங்கி விழாமல் வேறென்ன செய்யும்? அப்பிள்ளையைப் ‘மந்தம்’ என்று பதிவேட்டில் எழுதிய பேனாக்கள் எத்தனையோ!

மருந்துகள் இல்லாமலில்லை. டார்லிங் காலத்தில் தைமாலும் கீனோப்போடியம் எண்ணெயும் இருந்தன. இன்றைக்கு ஒரே வேளையில் விழுங்கும் ஆல்பெண்டசோல் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 75 பேருக்கேனும் முறையாகப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2001இல் தீர்மானித்தது. மலேசியாவிலும் 1974 முதல் 1983 வரை தொடக்கப் பள்ளிகளில் பூச்சி மருந்துத் திட்டம் நடந்தது. என் வயதொத்த ஆசிரியர்கள் பலர் அந்த வரிசையில் நின்றவர்களே. ஆயினும் மருந்து இருக்கும் புழுவைக் கொல்லுமேயன்றி, வரும் புழுவைத் தடுக்காது. மண்ணில் புழுக்குஞ்சு இருக்கும் வரை, மருந்துண்ட பிள்ளை சில திங்களில் மீண்டும் புழுவேற்கிறது. அம்மை ஒருமுறை வந்தவனுக்கு மறுமுறை வாராது. கொக்கிப் புழு வந்தவனுக்கோ ஆயுள் முழுதும் வந்துகொண்டே இருக்கும். தடுப்பூசி வேண்டும் என்ற ஆசையும், அது எளிதில் கைகூடாது என்பதற்கான முதற் காரணமும் இவ்வொரே செய்தியில் அடங்கியிருக்கின்றன.

மாட்டுக்கும் நாய்க்கும்

முதல் வெற்றி மனிதனுக்குக் கிட்டவில்லை, மாட்டுக்குக் கிட்டியது. ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாடுகளின் நுரையீரற் புழுவை ஆராய்ந்தவர்கள், புழுக்குஞ்சுகளை எக்ஸ் கதிரில் வாட்டி, சாகவும் விடாமல் வளரவும் விடாமல் நடைப்பிணமாக்கி, ஆயிரம் குஞ்சுகளைக் கன்றின் வாயில் ஊற்றினார்கள். நான்கு வாரம் சென்று மற்றோர் ஆயிரம். அவ்வளவே! உடல் அவற்றைக் கண்டு பாடங்கற்றுக்கொண்டது. 1959இல் டிக்டால் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. உயிர்ப் புழுவுக்கு எதிராகச் சந்தைக்கு வந்த முதல் தடுப்பு மருந்து அதுவே.

அதே கிளாஸ்கோவில் தாமஸ் மில்லர் என்பவர் நாயின் கொக்கிப் புழுவுக்கும் இம்முறையைக் கையாண்டார். அந்த மருந்து 1973இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து 1975இலேயே மறைந்துவிட்டது. மருந்து பொய்த்ததா என்றால், இல்லை. புழுக்களின் தொகையைப் பெரிதும் குறைத்தது, சோகையைத் தடுத்தது. ஆனால் முற்றிலும் ஒழிக்கவில்லை. ஊசி போட்ட நாயின் மலத்தில் சில முட்டைகள் தென்பட்டதும், கால்நடை மருத்துவர்கள் ‘இது என்ன தடுப்பு?’ என்று ஒதுக்கிவிட்டார்கள். உயிருள்ள குஞ்சுகளை நெடுநாள் கெடாமல் வைத்திருக்கவும் இயலவில்லை. புழுத் தடுப்பூசியின் வரலாற்றில் இது சிறிய செய்திபோல் தோன்றினும், பின்னால் இதற்கு வேலையிருக்கிறது.

மனிதனுக்கு உயிர்ப் புழுவைக் கொடுத்தல் எளிதன்று. அதனை நாயிலோ மனிதரிலோ வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே புழு முழுவதையும் விட்டுவிட்டு, அதன் உடலிலுள்ள புரதங்களில் ஒன்றைத் தனியே பிரித்துச் செய்தால் போதாதா என்ற எண்ணம் பிறந்தது. எந்தப் புரதம்? இங்கேதான் கணக்கு நுழைகிறது.

எழுத்தெண்ணிப் படித்தல்

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சரம். இருபதெழுத்து நெடுங்கணக்கில் எழுதிய செய்யுள் என்று கொள்ளலாம். 1981இல் ஹாப், உட்ஸ் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், அவ்வெழுத்து ஒவ்வொன்றும் நீரை எவ்வளவு விரும்புகிறது என்பதற்கு ஓர் எண் கொடுத்தனர். நாம் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மாத்திரை கொடுப்பதுபோல! அடுத்தடுத்த ஆறெழுத்துக்களின் எண்களைக் கூட்டிச் சராசரி கண்டனர். எங்கே அது உச்சிக்கு ஏறுகிறதோ, அப்பகுதி புரதத்தின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். உடலின் எதிர்ப்பொருள் வந்து பற்றும் இடம் அதுவாகவே இருக்கக்கூடும் என்றனர். புரதத்தைக் கண்ணாற் காணாமல், எழுத்தை மட்டும் கொண்டு தடுப்பூசிக்குரிய இடத்தைச் சொல்லலாம் என்ற கணக்குவழி இவ்வாறு தொடங்கியது.

குறை உடனே தெரிந்தது. சரம் நீட்டி வைத்தபடி கிடப்பதில்லை; சுருண்டு மடிந்து உருண்டையாகிறது. மடியும்போது தலைப்பகுதி எழுத்தும் கடைப்பகுதி எழுத்தும் அருகருகே வந்துவிடுகின்றன. எதிர்ப்பொருள் பற்றுவது பெரும்பாலும் இவ்வாறு ஒன்றுசேர்ந்த இடங்களையே. செய்யுளின் முதற் சொல்லும் இறுதிச் சொல்லும் இயைந்து பொருள் தருவதைப் பூட்டுவிற் பொருள்கோள் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம் அல்லவா? புரதமும் பெரிதும் பூட்டுவில்லே. ஆற்றுநீராக ஓடுவது சிறுபான்மை. எழுத்தைக் கொண்டே மடிப்பைக் கூறும் ஆற்றல் கணிப்பொறிக்கு நன்கு வாய்த்தது 2021இல் வெளியான ஆல்பாபோல்டு என்னும் முறையால். அதற்காக அசாபிசு, ஜம்பர் இருவருக்கும், புதுப் புரதங்களையே வரைந்து காட்டிய டேவிட் பேக்கருக்குமாக 2024இன் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கிடையே நோய்க்கிருமிகளின் மரபணு முழுவதையும் படித்தெழுதும் கலை வளர்ந்தது. 2000இல் இத்தாலியில் ராப்புவோலி என்பாரின் குழு, மூளைக்காய்ச்சல் கிருமி ஒன்றின் மரபணுத் தொகுதியைக் கணிப்பொறியில் சலித்து, தடுப்பூசிக்கு ஏற்றவையென்று நூற்றுக்கணக்கானவற்றைப் பொறுக்கி, அவற்றுள் 350 புரதங்களை ஆய்வகத்தில் செய்து எலிக்குக் கொடுத்துப் பார்த்தது. அதிலிருந்து முளைத்த ஊசி 2013இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. வழக்கமாகக் கிருமியை வளர்த்து, அதன் உடலிலிருந்து ஊசிக்கு வந்தார்கள். இவர் எழுத்திலிருந்து ஊசிக்கு வந்தார்.

புழுக்கள் வரிசையாகப் படிக்கப்பட்டன. நம் பகுதியின் பெயரையே தாங்கிய யானைக்கால் புழுவான புரூகியா மலாயியின் மரபணுத் தொகுதி 2007இல் வெளியாயிற்று. நத்தை வழியாகப் பரவும் இரத்தத் தட்டைப் புழுக்கள் இரண்டினுடையவை 2009இலும், கொக்கிப் புழு நெக்காட்டருடையது 2014இலும் வந்தன. கொக்கிப் புழுவின் மரபணுக்கள் 19,151. சலிக்கும் முறை எளிதில் விளங்குவதே. புழு தன் உடலுக்கு வெளியே உமிழும் புரதமா? மனிதப் புரதத்தை ஒத்திருக்கிறதா? ஒத்திருந்தால் தள்ளுக. குடலில் வாழும் பருவத்தில் உண்டாகிறதா? இப்படிச் சல்லடை மேல் சல்லடையாக வைத்தால் பத்தொன்பதாயிரம் சில பத்தாகிவிடும்.

சல்லடையில் இல்லாத கண்

இனிச் சொல்லப் போவது இவ்வரலாற்றின் உயிர்நிலை. கொக்கிப் புழுக்குஞ்சு உடலில் புகுந்தவுடன் உமிழும் புரதம் ஒன்றுண்டு; ஏஎஸ்பி-2 என்பது அதன் குறிப்பெயர். அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஹோட்டஸ் முதலானோர் 2000இல் தொடங்கிய கொக்கிப் புழுத் தடுப்பூசி முயற்சியில் முன்னணியில் நின்றது அதுவே. விலங்குகளில் நற்பலன் தந்தது. அதன் மடிந்த வடிவமும் நுணுக்கமாக அறியப்பட்டிருந்தது. புழுவே காணாத அமெரிக்கர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள், தீங்கில்லை. பின்னர் பிரேசிலில் புழு மலிந்த நாட்டுப்புறத்திற்குக் கொண்டு சென்றார்கள். அங்கே ஊசி ஏறிய உடனே சிலருக்கு உடலெங்கும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. சோதனை நிறுத்தப்பட்டது. அதன் விவரம் 2012இல் வெளிவந்தது.

ஏன் இவ்வாறாயிற்று? பிறந்தது முதல் புழுவோடு வாழ்ந்தவனுடைய இரத்தத்தில், அப்புழுவின் புரதங்களுக்கு எதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள் முன்னமே தேங்கி நிற்கிறது. அந்தப் புரதத்தையே ஊசியில் ஏற்றினால், உடல் அதைப் புதுப் பாடமாகக் கொள்ளாமல் பழம்பகையாகக் கண்டு கொதிக்கிறது. ஊசி யாருக்குத் தேவையில்லையோ அவருக்குத் தீங்கு செய்யவில்லை; யாருக்குத் தேவையோ அவருக்கே தீங்கு செய்தது! எழுத்திலும் வடிவத்திலும் அப்புரதத்தில் குற்றமில்லை. குற்றம் சல்லடையில் இருந்தது. புழுவை ஆயிரம் கேள்வி கேட்டவர்கள், புழுவோடு வாழும் மனிதனை ஒரு கேள்வி கேட்கத் தவறினார்கள்.

அதன்பின் முறை மாறியது. எப்புரதத்தைத் தேர்ந்தாலும், முதலில் புழு மலிந்த ஊர் மக்களின் இரத்தத்தை எடுத்து, அதற்கெதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள் உண்டா என்று பார்ப்பது கட்டாயமாயிற்று. அவ்வாறு தேறியவை இரண்டு. இரண்டும் புழுவின் குடலுக்குள்ளே வேலை செய்பவை. ஏபிஆர்-1 என்பது குடித்த இரத்தத்தின் சிவப்புப் பொருளைச் செரிக்கும் நொதி. ஜிஎஸ்டி-1 என்பது அச்செரிமானத்தில் விளையும் நஞ்சைக் கட்டுப்படுத்துவது. இவற்றிற்கெதிரான எதிர்ப்பொருள் மனிதன் இரத்தத்தில் ஓடினால், புழு குடிக்கும் இரத்தத்தோடு அதையும் குடிக்கும். உண்டது செரிக்காமல் மெலியும். உண்ட வீட்டிலேயே உலையைக் கவிழ்க்கும் சூழ்ச்சி என்க.

ஏபிஆர்-1இல் புரத வரைவுக் கலையின் நற்பயனைக் காணலாம். அது கூரிய கத்தி போன்ற நொதி. அப்படியே ஊசியில் ஏற்றுவது தகாது. கத்தியின் அலகாக விளங்கும் எழுத்துக்களை மட்டும் மாற்றி, வடிவம் குலையாமல் கூர் மழுக்கினார்கள். எதிர்ப்பொருள் அதை அடையாளங் கண்டுகொள்கிறது. ஆனால் அது எதையும் வெட்டாது. இந்த மழுங்கிய நொதியைப் புகையிலை இனத்துச் செடியின் இலைகளில் விளைவித்து எடுக்கிறார்கள். புகையிலையால் விளைந்த நன்மை என்று ஒன்றை இப்போதுதான் கேள்விப்படுகிறோம்!

கணிப்பொறி எட்டாத மற்றோரிடமும் உண்டு. ஆட்டின் இரைப்பையில் இரத்தங் குடிக்கும் புழு ஒன்றிற்கு, ஸ்காத்லாந்தின் மோர்டன் ஆய்வகத்தார் கண்ட பார்பர்வாக்ஸ் என்னும் ஊசி 2014இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. அதுவும் புழுவின் குடற் சுவர்ப் புரதமே. ஒரு வேளைக்கு ஐந்து மைக்ரோகிராம் போதும். ஆனால் அதே புரதத்தின் எழுத்தைப் பார்த்து ஆய்வகத்தில் படியெடுத்தபோது பயன் தரவில்லை. புழுவின் உடலில் அப்புரதத்தின்மேல் சர்க்கரைப் பொருள்கள் கிளைகிளையாக ஒட்டியிருக்கின்றன. எழுத்தில் அக்கிளைகள் வரா. ஆகவே ஆடுகளில் புழுவை வளர்த்து, அப்புழுக்களிலிருந்தே புரதத்தைப் பிரித்து ஊசி செய்கிறார்கள்.

எழுத்திலிருந்து செய்த புரதம் விலங்குகளில் வென்றதும் உண்டு. ஆஸ்திரேலியரான லைட்டவ்லர்ஸ் முதலானோர் ஆட்டின் நீர்க்கட்டிப் புழுவுக்கும், பன்றியின் நாடாப் புழுவுக்கும் அத்தகைய ஊசிகளைக் கண்டனர். பன்றிக்கான ஊசியை இந்தியாவில் ஐதராபாத் நிறுவனம் ஒன்று செய்கிறது.

இக்காலத்து ஆராய்ச்சி ஏடுகளைப் புரட்டினால், இரத்தத் தட்டைப் புழுவுக்கும், யானைக்கால் புழுவுக்கும், கொக்கிப் புழுவுக்கும் கணிப்பொறியில் வரைந்த ‘பன்முனைத் தடுப்பூசி’கள் ஏராளம். பல புரதங்களிலிருந்து சிறு சிறு துண்டுகளை வெட்டி, இடையிடையே இணைப்பெழுத்துக்கள் வைத்துத் தைத்து, அதன் மடிப்பைக் கணித்து, ஊசி போட்டால் உடல் என்ன செய்யும் என்பதையும் கணிப்பொறியிலேயே நடத்திப் பார்த்து, ‘இனி ஆய்வகத்தில் சோதிக்கப்பட வேண்டும்’ என்ற வரியோடு கட்டுரை முடிகிறது. அந்தக் கடைசி வரியை மெய்ப்பிக்க யாரேனும் முன்வந்தார்களா என்று தேடினால், பெரும்பாலும் ஏமாற்றமே. இவ்வழியே பொய்யென்று நான் சொல்லவில்லை. கணிப்பொறியில் வரைந்த புரத நுண்துகளைக் கொண்ட கொரோனாத் தடுப்பூசி 2022இல் தென்கொரியாவில் ஒப்புதல் பெற்றிருக்கிறது. ஆயினும் அது சில பத்துப் புரதங்களேயுடைய நச்சுயிரி. இதுவோ பத்தொன்பதாயிரம் மரபணுக்களோடு, மனிதனின் தற்காப்பையே மயக்கி ஆண்டுக்கணக்கில் வயிற்றில் தங்கும் விலங்கு. ஓவியத்தில் வரைந்த பசுவைக் கறந்துதான் பார்க்க வேண்டும்.

ஏபிஆர்-1, ஜிஎஸ்டி-1 இரண்டும் கறவைக்கு வந்துவிட்டன. ஆல்பர்ட் சுவைட்சர் 1913இல் மருத்துவமனை கண்ட ஆப்பிரிக்கக் காபோன் நாட்டு லாம்பரேனே ஊரில், புழு மலிந்த அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். பாதுகாப்பானது, எதிர்ப்பொருளும் பிறக்கிறது என்ற முடிவு 2021இல் வெளியாயிற்று. அமெரிக்கத் தலைநகரில் மற்றொரு சோதனை நடத்தினார்கள். தாமே முன்வந்த நலமுள்ளவர்களுக்கு ஜிஎஸ்டி-1 ஊசி போட்டு, பிறகு அவர்கள் தோலில் உயிருள்ள புழுக்குஞ்சுகளை வைத்துப் புகவிடுவது அது.

இங்கேதான் மில்லரின் நாய் மருந்து நினைவுக்கு வருகிறது. இப்போதைய ஊசியும் புழுவை அடியோடு ஒழிக்கும் என்று யாரும் உறுதி கூறவில்லை. நூறு புழு ஏறவேண்டிய பிள்ளைக்குப் பத்தே ஏறினால், அப்பிள்ளையின் இரத்தம் வற்றாது. அதுவே குறிக்கோள் என்கிறார்கள். நாயின் சொந்தக்காரர் அதை ஏற்கவில்லை. பிள்ளையின் தாய் ஏற்பாளா? ஊசி வாங்கும் அரசாங்கம் ஏற்குமா? நம் நாட்டிலும் ஓராங் அஸ்லி மக்களின் சிற்றூர்களில் குடற்புழுத் தொல்லை இன்னும் தீரவில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவருகின்றன. இக்கேள்வி அங்கேயும் ஒருநாள் எழும். அதுவரை, ஊசி போட்டவர், போடாதவர் ஆகிய இரு திறத்தாருடைய மலத்தையும் நுண்ணோக்கியின்கீழ் வைத்து, ஒரு கிராமில் எத்தனை முட்டைகள் என்று ஆய்வகப் பணியாளர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.